பத்மினியைப் புரட்டிப் போடணுமா? வீட்டிலேயே செய்யலாம் கார் ரொட்டிசெரி!

கிரில் சிக்கன் கடை வாசலில் கம்பியில் கோத்த கோழி மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும்ல... அந்தக் கோழி இருக்கும் இடத்தில் ஒரு பிரீமியர் பத்மினியை வைத்துப் பாருங்கள். அதுதான் கார் ரொட்டிசெரி! முன்னால் ஒரு ஸ்டாண்டு, பின்னால் ஒரு ஸ்டாண்டு, நடுவில் இன்ஜின், சக்கரம், கண்ணாடி எல்லாம் கழற்றிய வெறும் பாடி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வேலை பார்க்கலாம்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? பத்மினி, அம்பாசடர் ரெண்டுமே மோனோகாக் கார்கள். தனி சேஸி கிடையாது. அடித்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரப்பட்டையும்தான் காரையே தாங்குகின்றன. முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். மேலே புது பெயின்ட் பளபளக்கும். கீழே தகடு அப்பளமா நொறுங்கும். மல்லாந்து படுத்துக்கிட்டு தலைக்கு மேலே வெல்டு வைத்தால் தீப்பொறி முகத்தில் கொட்டும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. காரைத் திருப்பிவிட்டால், அதே வேலையை நின்றபடியே முடிக்கலாம். 2023 அக்டோபரோடு மும்பையில் பத்மினி டாக்ஸிகளே விடைபெற்றுவிட்டன. இருக்கிற வண்டிகளைக் காப்பாற்றணும்னா, அடியிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

உயரம் எவ்வளவு?

பத்மினியின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சக்கரம் இல்லாத பாடியின் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுற்றும்போது அதன் மூலை நடுவிலிருந்து 95 செ.மீ. வரை நீளும். அதனால் சுழலும் குழாய் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்திலாவது இருக்கட்டும். இல்லைன்னா பாதி சுற்றில் கூரை தரையில் இடிக்கும்.

சுழலும் பகுதி ரொம்ப சிம்பிள். குழாய்க்குள் குழாய், நடுவில் கிரீஸ். கனமான சி கிளாஸ் இரும்புக் குழாய் கேட்டு வாங்குங்கள். ஜி.ஐ. குழாய் வேண்டாம், வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை வந்து காய்ச்சலில் தள்ளிவிடும். வெளிக்குழாயோடு ஒரு ஓட்டைத் தகட்டைச் சேர்த்து, பின் போட்டு லாக் பண்ணும் வசதி கட்டாயம். வெறும் திருகை நம்பி காருக்கடியில் தலையைக் கொடுக்காதீங்க. ரெண்டு ஸ்டாண்டையும் கீழே ஒரு நீளக் குழாயால் இணைத்துவிட்டால் விலகிப் போகாது.

இதுதான் உயிர்நாடி

ஸ்டாண்டு எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்தாலும், பேலன்ஸ் தப்பினால் ஆபத்து. பாடியின் எடை மையத்தின் வழியாகச் சுழல் குழாய் போனால், ஒற்றைக் கையால் காரைத் திருப்பலாம். மையம் ரொம்பக் கீழே இருந்தால், திருப்பத் திருப்ப பழைய நிலைக்கே வேகமாகத் திரும்பிவரும். மேலே இருந்தால் இன்னும் மோசம். லாக்கை எடுத்த நொடியே சட்டுனு கவிழும். அதனால் பாடியோடு சேரும் பிராக்கெட்டை நிரந்தரமாக வெல்டு பண்ணாமல், மேலும் கீழும் நகர்த்துகிற மாதிரி நீளத் துளை போட்டு போல்ட்டில் மாட்டுங்கள். முதல்முறை லேசாகத் திருப்பிப் பாருங்கள். பழைய நிலைக்கு இழுத்தால் பாடியை கொஞ்சம் ஏற்றணும், கவிழப் பார்த்தால் இறக்கணும்.

பிராக்கெட் பிடிக்கும் இடம், பம்பர் மாட்டும் போல்ட் பாயின்ட்டுகள். அங்கேயே துரு அரித்திருந்தால், முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் தூக்கணும். கதவு திறப்புகளில் குறுக்கே சதுரக் குழாய் வைத்து முட்டுக் கொடுப்பதும் முக்கியம். ஓரப்பட்டையை வெட்டி எடுத்தபிறகு பாடி வளைந்துபோனால், கதவு மறுபடி பொருந்தவே பொருந்தாது. பெட்ரோல் டேங்க்கை முன்னாடியே கழற்றி அப்புறப்படுத்திடுங்க. அடியில் பூசிய பழைய தார் சூட்டில் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

இணைப்புக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி செய்து, நெடுக ஓட்டைகள் போட்டுவிட்டால், பத்மினி முடிந்ததும் நீளத்தை மாற்றி நண்பரின் அம்பாசடருக்கும் கொடுக்கலாம். அம்பாசடர் கனமான வண்டி. அதனால் குழாயை முதல் நாளே அதற்கேற்ற தடிமனில் வாங்கிவிடுங்கள்.