கறை எடுக்கக் கிடைத்த நேரம்

போன ஐப்பசியில், ஒரகடம் போகிற வழியில் ஆப்பூர் தாண்டி ஒரு வீட்டுக்கு மூங்கில் தரை போட்டு முடித்தோம். மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "அண்ணே, உங்க கட்டைவிரல இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க, வந்து எடுத்துக்குங்க." கிண்டல் என்று நினைத்துப் போனேன். நிஜம்தான். கிழக்கு ஜன்னல் வெயில் படுத்தவாக்கில் விழும்போது, தேன் நிறப் பலகைமேல் பசையில் என் ரேகை பத்திரத்தில் வைத்த மாதிரி பதிந்து கிடந்தது. பக்கத்தில் டேப் உரித்த பிசுக்கு நாலு கோடு. நான் மண்டி போட்ட இடத்தில் மங்கலாக ஒரு வட்டம்.

சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி நாற்பது வருஷமாகத் தரைதான் எனக்குச் சோறு போடுகிறது. தரை மாறியதை எல்லாரும் பார்த்தார்கள். தரையில் விழுந்த கறையை எடுக்கக் கிடைக்கிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்ததை எங்களைப் போல் மண்டி போட்டவர்கள்தான் பார்த்தோம்.

அம்மா சாணி மெழுகிய வீட்டில் கறை என்ற பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை கரைத்து மெழுகினால் போன வாரத்து எண்ணெய், குழம்பு எல்லாம் அடியில் போய்விடும். விரல் பதிந்தால் அதுதான் அழகு. வாசலிலிருந்து பார்த்தால் அம்மாவின் கை வீச்சு அரைவட்டம் அரைவட்டமாகத் தெரியும். அதை அழிக்கச் சொல்லி யாரும் போன் செய்ததில்லை.

பட்டணத்து மாளிகைகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் அதை 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று எழுதி வியந்தார்கள். தேய்த்து முடித்த பிறகும் அந்தப் பூச்சு பல நாள் வியர்க்கும். வியர்வையை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் திட்டு விழும். துடைப்பதும் பூச்சு வேலையில் ஒரு பகுதி என்று அன்றைக்கு வைத்திருந்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சிமெண்ட் வந்தபின் சிவப்புத் தரை. எங்கள் தெருவில் காரை வீடு கட்டினவர்களுக்கெல்லாம் அதுதான் கௌரவம். கொத்தனார் காவிப் பவுடரைச் சிமெண்டில் கலந்து தேய்த்து, மணியாசுக்கட்டை போட்டு, கரண்டியால் அழுத்தி அழுத்தி மினுக்குவார். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தண்ணீர் வடிந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கும். தேங்காய் எண்ணெய்த் துணியால் பாட்டிகள் மாதக்கணக்கில் தேய்த்தே அதைப் போக்கினார்கள்.

அப்பா மொசைக் பாலீஷ்காரர். 1985-இல் பள்ளிக்கூடத்தை விட்டு நானும் அவரோடு போனேன். மார்பிள் சில்லைச் சிமெண்டில் கலந்து தளம் போட்டு, இறுகினதும் மிஷின் ஓட்டுவோம். முதலில் முரட்டுக் கல், அப்புறம் நடுத்தரம், கடைசியில் நைஸ் கல். தண்ணீர் விட்டு ஓட்ட ஓட்ட சாம்பல் நிறத்தில் குழம்பு ஓடும். நாங்கள் அதைப் 'பால்' என்போம். அந்தப் பால் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும், கதவு நிலையில் ஏறும். பொழுது சாய்வதற்குள் கழுவாவிட்டால் சிமெண்டாக இறுகிவிடும். அதற்கென்றே இரண்டு சித்தாள் பெண்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு பிடி தேங்காய் நார், ஒரு பக்கெட். மிஷின்காரருக்கு எவ்வளவு, கழுவுகிறவர்களுக்கு எவ்வளவு என்று மேஸ்திரி தனித்தனியாகப் பேசித்தான் வேலையே எடுப்பார். கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் தூளைத் தூவி, ஈரக் கோணியால் தேய்ப்பார்கள். கறை போய் மொசைக் கண்ணாடியாகிவிடும். அந்தப் பெண்களின் விரல்நுனி தோல் உரிந்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று வெறும் மோர்ச்சோறு கொண்டுவருவார்கள். கையுறை என்று ஒன்று உண்டு என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை காரைக்குடிப் பக்கம் வேலைக்குப் போனபோது ஆத்தங்குடிக் கல் பார்த்தேன். கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கிறார்கள், பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. பதித்து முடித்ததும் மேலே ஒட்டிய சிமெண்டை எடுக்க நெல் உமியைக் கொட்டித் தேய்த்தார்கள். ஆசிட் கிடையாது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு எங்கள் ஊரைச் சுற்றி உலகம் வந்து இறங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. 2002-இல் பரனூர், அஞ்சூர் பக்கம் மகிந்திரா சிட்டி. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். ரயில்வே கேட்டில் மாட்டுவண்டிக்குப் பின்னால் கண்டெய்னர் லாரி நின்ற காலம் அது. மொசைக் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு டைல்ஸுக்கு மாறினேன். டைல்ஸில் கறை என்றால் இடுக்கில் பூசும் சிமெண்ட்தான். இறுகுவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் போகும், தவறினால் ஆசிட். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு அந்த வேலையில் ருசியே வந்ததில்லை.

மரத்தரை கேட்டு வந்தவர்கள் ஜப்பான், கொரியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். அவர்களும் நம்மைப் போலவே செருப்பை வாசலில் விடுகிறவர்கள், ஆனால் கல் தரை கால் சில்லிடுகிறதாம். அவர்களைப் பார்த்து நம் ஆட்களும் கேட்டார்கள். அப்படித்தான் மூங்கில் வந்தது, பெரும்பாலும் சீனாவிலிருந்து.

மூங்கில் மரமே இல்லை, புல். தொல்காப்பியம் இதைக் கச்சிதமாகப் பிரித்து வைத்திருக்கிறது: வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம். 1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரத்தோடு சேர்த்து எழுதிவிட்டது. தன் கொல்லையில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துப் போகவும் ஆட்கள் திண்டாடினார்கள். 2017-இல்தான் திருத்தினார்கள். தொண்ணூறு வருஷம். இதில் வேடிக்கை, தரைப் பலகைக்கு அந்த வயிரம் பாய்ந்த மேல்தோலை முதலில் சீவி எறிந்துவிடுகிறார்கள். அதில் பசை பிடிக்காது. தோலுக்கு உள்ளே இருப்பதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி, பசை போட்டு அழுத்துகிறார்கள். ஆக மூங்கில் தரை என்பதில் பாதி பசையின் கதை.

பசையும் முன்பு இப்போது மாதிரி இருந்ததில்லை. எங்கள் தாத்தா காலத்து ஆசாரிகள் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். மீன் இல்லை, மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற பசை. நாற்றம் தெருமுனை வரை வரும். ஆனால் வழிந்தால் வெந்நீர்த் துணி போதும், எத்தனை வருஷம் கழித்தும் இளகும். 1959-க்குப் பிறகு ஃபெவிகால் வந்தது. நாற்றம் போயிற்று, காயும் முன் ஈரத்துணி, காய்ந்தால் கொஞ்சம் வெந்நீர். இப்போது மூங்கிலுக்குப் போடும் பாலியூரித்தேன் பசை காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து இறுகுகிறது. ஐப்பசி அடைமழையில் கண்ணெதிரே கெட்டியாகும். ஈரமாக இருக்கும்போது மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். இறுகிவிட்டால் அதைக் கரைக்க எதுவும் இல்லை. அப்புறம் என் கையில் பட்டதும் தோல் உரிந்துதான் போக வேண்டும்.

அன்றைக்கு அந்த வீட்டில் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்து, படுக்கவைத்து, பலகையின் நீளவாக்கில் தள்ளினேன். இரும்புக் கரண்டியும் ஸ்டீல் நாரும் பக்கத்தில் வரக்கூடாது, மேல்பூச்சில் கீறல் விழும். ரேகை சுருள் சுருளாக எழுந்து வந்தது. டேப் பிசுக்குக்கு நீலகிரித் தைலம், பஞ்சில் ரெண்டு சொட்டு. முதலில் அலமாரி மூலையில் வைத்துப் பார்த்து, நிறம் மாறவில்லை என்றதும்தான் நடுக்கூடத்துக்கு வந்தேன். வீட்டுக்கார அம்மா, "ஜலதோஷத்துக்குப் போடறதாச்சே" என்றார். மங்கல் வட்டம் வெறும் தூசிப் படலம், பிழிந்த துணியில் போயிற்று. எல்லாம் முடிய மூன்று மணி நேரம். முந்தின நாளே துடைத்திருந்தால் பத்து நிமிஷம். என் தப்புதான், மழைக்கு முன் வீடு சேர அவசரப்பட்டேன்.

ஆனால் அந்த அவசரம் என்னோடு மட்டும் பிறந்ததில்லை. இப்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, அதற்குள் எல்லாம் அடக்கம். இரண்டு பேர் நார் எடுத்துக்கொண்டு வந்த காலம் போய், பசை தடவுகிறவனே துடைக்கவும் வேண்டும். பசையோ அவனுக்காகக் காத்திருப்பதில்லை. புதுத் தரை போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொட்டேஷனில் 'கூடவே துடைக்க ஒரு ஆள்' என்று தனி வரி போடச் சொல்லி, அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த ஆளுக்குக் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.