மெட்ராஸ் டயம் முதல் மொட்டைமாடி ஆன்டெனா வரை

ஒரே வீட்டில் நாலு கடிகாரம் இருந்தால் நாலும் நாலு நேரம் காட்டும். கூடத்துக் கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் வேகமாக வைத்திருப்போம் (பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்ட வேண்டுமே!). சமையலறையில் தொங்குவது பாட்டரி தீர்ந்து தடுமாறிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு இது பரவாயில்லை. ஒரு நாட்டுக்கு? ஒரு ரயில்வேக்கு? ஒரு வங்கிக்கு?

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு, இரண்டும் சேர்ந்து வரவேண்டும், அவ்வளவுதான் என் உலகம். ஆனாலும் தில்லிக்கு மாற்றலாகி வந்த பிறகு கணினிக் கடிகாரங்கள் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டி வந்தது. படிக்கப் படிக்க, இது பொறியாளர்கள் சமாசாரம் மட்டுமில்லை, நம்ம ஊர்ச் சரித்திரமும் இதில் கலந்திருக்கிறது என்று தெரிந்தது. அதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் நேரம்

ஒரு காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு மணி. பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா 5 மணி 53 நிமிடம். மெட்ராஸ் இரண்டுக்கும் நடுவில், 5 மணி 21 நிமிடம். மாட்டுவண்டி காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ரயில் வந்ததும்தான் தலைவலி. பம்பாயில் ஏறுகிறவனும் கல்கத்தாவில் இறங்குகிறவனும் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

ரயில்வேக்காரர்கள் தேர்ந்தெடுத்தது மெட்ராஸ் நேரத்தை. இரண்டு பெரிய ஊர்களுக்கும் இடையில் இருந்தது ஒரு காரணம். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானியல் ஆய்வகம் இருந்தது இன்னொரு காரணம். அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்த நேரம் தந்திக் கம்பி வழியாக மற்ற ஊர்களுக்குப் போகும். ஸ்டேஷன் மாஸ்டர் தன் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார். 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதான இந்திய நேரம் வந்தது. மெட்ராஸ் டயம் ஓய்வு பெற்றது, சுமார் ஒன்பது நிமிட வித்தியாசத்தில்.

இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். வானத்தில் நம்பகமான ஒன்று. அதைப் பார்க்கும் ஒரு மூலக் கடிகாரம். அதிலிருந்து கம்பி வழியாக மற்றக் கடிகாரங்களுக்கு. இன்றைக்குக் கணினி வலையமைப்பில் நடப்பதும் அச்சு அசலாக இதேதான். நட்சத்திரத்துக்குப் பதில் செயற்கைக்கோள், தந்திக்குப் பதில் லேன் கேபிள்.

கணினிக்கு மறதி அதிகம்

கணினிக்குள் நேரம் காட்டுவது ஒரு சின்னக் குவார்ட்ஸ் துண்டு. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது சாதாரணம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. கணக்குப் போட்டால் தினம் ஒன்றே முக்கால் விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடிக்கு மேல். சூடு கூடினால் குறைந்தால் இன்னும் மாறும். தில்லி மே மாதத்தில் மனிதனே தடுமாறும்போது குவார்ட்ஸ் என்ன செய்யும் பாவம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் டேவிட் மில்ஸ் என்கிற அமெரிக்கர். அவருடைய என்டிபி என்ற நெறிமுறை 1985 செப்டம்பரில் ஆவணமாக வெளியானது. என்னை மாதிரி ஆட்களுக்கும் புரிகிற கணக்குதான் அது. பேங்க் ரிகன்ஸிலியேஷன் போட்டவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்.

என் கணினி சர்வரிடம் மணி கேட்கிறது. கேட்டபோது என் கடிகாரத்தில் 0 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி சர்வருக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் கடிகாரத்தில் 150. பதில் கிளம்பும்போது 160. என்னிடம் வந்து சேரும்போது என் கடிகாரத்தில் 50. எனக்கு ஆன மொத்த நேரம் 50. அதில் சர்வர் யோசித்தது 10. ஆகப் பயணம் 40. போக 20, வர 20 என்று வைத்தால், கேள்வி போய்ச் சேர்ந்தபோது என் கடிகாரம் 20 காட்டியிருக்க வேண்டும். சர்வரோ 150 காட்டியது. நான் 130 மில்லி விநாடி பின்தங்கியிருக்கிறேன். திருத்து!

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்று நம்பிவிட்டோம். நிஜத்தில் போக 30, வர 10 என்றால் நம் திருத்தத்தில் 10 மில்லி விநாடி தவறு. எத்தனை முறை கேட்டாலும் இந்தத் தவறு போகாது. நீண்ட தூர இணையப் பாதையில் இது அடிக்கடி நேரும். லேனுக்குள் தூரமும் குறைவு, நெரிசலும் குறைவு என்பதால் தவறு ஒரு மில்லி விநாடிக்கும் கீழே போய்விடும். அதனால் நல்ல நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றை லேனுக்குள்ளேயே வைத்துக்கொள்வது உத்தமம். அதற்கு யார் நேரம் சொல்வது?

மேலே இருந்து ஒரு தட்டு

ஜிபிஎஸ் என்றால் வழி காட்டும் பெட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வானத்தில் பறக்கும் கடிகாரக் கூட்டம். முதல் செயற்கைக்கோள் 1978-ல் போனது. 1995-ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஈர்ப்பும் வேகமும் சேர்ந்து அவற்றை நம் கடிகாரங்களைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓட வைக்கும். ஐன்ஸ்டீன் சொன்னபடி அதையும் கழித்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

நீளம், அகலம், உயரம், நேரம் என்று நாலு தெரியாத எண்கள், ஆகவே நாலு செயற்கைக்கோள் வேண்டும். மொட்டைமாடியில் அசையாமல் இருக்கும் ஆன்டெனாவுக்கு இடம் ஏற்கெனவே தெரியும் என்பதால், நேரத்துக்கு மட்டும் ஒன்றே போதும்.

முதலில் ராணுவம், மற்றவர்களுக்குப் போகும் சிக்னலில் வேண்டுமென்றே கலப்படம் செய்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் கிளின்டன் உத்தரவால் அது நின்றது. அதன் பிறகு மலிவான ரிசீவரே நுட்பமான நேரம் தரத் தொடங்கியது.

ஆனால் ரிசீவரைக் கணினியோடு இணைத்ததும் வேலை முடிந்ததா? இல்லை. அது "இப்போது மணி 10:15:32" என்று வாக்கியமாக அனுப்பும். அந்த வாக்கியம் சீரியல் கேபிளில் எழுத்து எழுத்தாக வந்து சேர்வதற்குள் விநாடியில் ஒரு பங்கு போய்விடும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இல்லை. அதனால் இன்னொரு கம்பி. விநாடி பிறக்கும் அந்தக் கணத்தில் அதில் ஒரு தட்டு. பிபிஎஸ் என்பார்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு. கோயில் மணி மாதிரி, அடித்த கணம் துல்லியம், ஆனால் எந்த விநாடி என்று அது சொல்லாது. அதை வாக்கியம் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் முழு விடை.

துடிப்பு வந்த கணத்தை இயங்குதளம் தாமதமில்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கான பொது இடைமுகத்தை மில்ஸும் நண்பர்களும் 2000 மார்ச்சில் ஆவணமாக வெளியிட்டார்கள். பழைய சீரியல் போர்ட்டில் இந்த முறை சில மைக்ரோ விநாடித் துல்லியம் வரை தரும். யுஎஸ்பி வழியே அதே துடிப்பு வந்தால் துல்லியம் குறையும், ஏனென்றால் கணினி முறை வைத்துத்தான் யுஎஸ்பியைக் கேட்கிறது. சில விஷயத்தில் பழசுதான் ஒசத்தி!

ஒரு காவலாளியின் மூன்று நாள்

இத்தனை நுணுக்கம் யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். ஊர் பெயர், கிளை பெயர் வேண்டாம்.

ஏடிஎம்மில் ரூ. 10,000 எடுக்க வந்த வாடிக்கையாளர், கணக்கில் பணம் கழிந்தது, கைக்கு வரவில்லை என்று புகார் கொடுத்தார். ஏடிஎம் பதிவில் பிற்பகல் 2:17-க்குப் பணம் சரியாக வெளியே வந்திருக்கிறது. கேமரா படத்தில் 2:17-க்கு இயந்திரத்தின் அருகே நின்றவர் ஒருவர்தான், தர்பங்காவிலிருந்து வந்த ஒப்பந்தக் காவலாளி. துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்? நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. அவர் சொன்னதெல்லாம் "சாப், நான் துடைத்தேன், அவ்வளவுதான்" என்பதே.

விசாரணைக்கு நானும் கணினிப் பிரிவுப் பையன் ஒருவனும் போனோம். அவன் ஏடிஎம்மை விட்டுவிட்டு, அதே ரெக்கார்டரில் பதிவான கேஷ் கவுண்டர் படத்தைப் பார்த்தான். ஒரு அம்மா பணம் கட்டி ரசீது வாங்குகிறார். படத்தில் மணி 12:44. சர்வர் பதிவில் அதே ரசீது 12:40. இன்னும் மூன்று ரசீது பார்த்தான். எல்லாவற்றிலும் நாலு நிமிட வித்தியாசம். ஏடிஎம் சரியாகச் சர்வர் நேரத்தில் இருந்தது. கேமரா ரெக்கார்டர்தான் யாரும் திருத்தாமல் தன் போக்கில் நாலு நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. அப்படியானால் பார்க்க வேண்டிய படம் 2:21. பார்த்தோம். வாடிக்கையாளர் போனில் பேசியபடி, பணம் வரும் முன்பே திரும்பி நடக்கிறார். பின்னால் நின்றவர் நோட்டுகளை எடுத்துக்கொள்கிறார். காவலாளி அந்த இடத்திலேயே இல்லை.

மூன்றாம் நாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். மூன்று நாள் சம்பளத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். மூன்று நாள் சந்தேகத்துக்கு எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

நாலு நிமிடத் தவறைத் திருத்தச் செயற்கைக்கோள் தேவையில்லைதான், சாதாரண என்டிபி போதும். ஆனால் வங்கியின் உள் வலையமைப்பைப் பாதுகாப்புக்காக வெளி இணையத்திலிருந்து பிரித்துத்தான் வைப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மணி சொல்ல, கூரையில் ஆன்டெனாவும் அதோடு ஒரு சர்வரும் வைப்பது நல்ல வழி. மற்றவையெல்லாம் அதைக் கேட்டுக்கொள்ளும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பரிவர்த்தனை நடக்கும் இடத்தில் எது முன், எது பின் என்று சொல்ல மில்லி விநாடியும் தேவைப்படும்.

ஒரே வானத்தை நம்பலாமா?

2016 ஜனவரி 26. நாம் இங்கே ராஜபாதையில் அணிவகுப்பு பார்த்த அதே நாள், ஒரு பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து விலக்கும்போது தவறான திருத்த எண் பல செயற்கைக்கோள்களுக்கும் போய்விட்டது. 13 மைக்ரோ விநாடி பிசகு, பல மணி நேரத்துக்கு. பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின. இன்னொன்று, ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும், பிறகு மறுபடி பூஜ்யம். 1999-லும் 2019-லும் அப்படி ஆனது. தயாராக இல்லாத ரிசீவர் ஒரே நொடியில் சுமார் இருபது வருஷம் பின்னால் போய்விடும். வட்டி கணக்கிடுகிறவன் கேட்டால் மயக்கமே வரும்!

ஆக, ஒரே மூலத்தை நம்பக்கூடாது. நம் நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைக் காப்பது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். பூசா பக்கம் போனால் அது இருக்கும் சாலையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க். நம்ம வத்திராயிருப்புக்காரர், ராமனோடு உழைத்தவர், அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 2022 ஏப்ரலில் சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினிப் பதிவுகளின் நேரம் இந்த ஆய்வகத்தின் சர்வரோடோ என்ஐசி சர்வரோடோ, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடோ இணைந்திருக்க வேண்டும் என்றது.

நமக்கென்று சொந்த வானமும் உருவானது. 2013-ல் போன முதல் இந்திய வழிகாட்டு செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு ருபீடியம் கடிகாரங்கள் மூன்றும் சில ஆண்டுகளில் செயலிழந்தன. 2023 மே 29-ல் ஏவப்பட்ட என்விஎஸ்-01-ல்தான் நாமே செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முதலாகப் பறந்தது. நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்த்துத் திருத்திய நாளிலிருந்து இங்கே வந்து சேர இருநூற்றுச் சொச்சம் வருஷம்.

மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். பிறவியிலிருந்தே கண்ணில் கோளாறு, கடைசியில் பார்வையே போய்விட்டது. தான் பார்க்க முடியாத கடிகாரங்களையெல்லாம் ஒரே நேரம் காட்ட வைத்துவிட்டுப் போன மனிதர்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு கேமரா ரெக்கார்டர் இருக்கும். வாசலில் ஒரு காவலாளியும் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளரைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெட்டி காட்டும் மணியை உங்கள் செல்போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.