போகாத நியூ ஆர்லியன்ஸ்

2021 ஆகஸ்ட் கடைசியில் நான் நியூ ஆர்லியன்ஸில் இருந்திருக்க வேண்டும். துப்பறியும் கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வருஷாவருஷம் கூடும் பவுச்சர்கான் மாநாடு, 25 முதல் 29 வரை. டெல்டா கொரோனா லூசியானாவை உலுக்கியது; மாநாடு ரத்து. முந்தைய வருஷம் சாக்ரமெண்டோவிலும் நேரில் கூட முடியவில்லை.

"வீடியோல பாத்துக்கலாம் விடுடா" என்றான் நண்பன். மேடைப் பேச்சுக்காகவா போகிறோம்? காபி வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் நமக்குப் பிடித்த கொலையை எழுதியவராக இருப்பார். அதுக்குத்தான்.

இந்தக் கூட்டமே ஓர் இழப்பில் பிறந்ததுதான். அந்தோணி பவுச்சர் நியூயார்க் டைம்ஸில் குற்றக்கதைகளுக்கு மதிப்புரை எழுதியவர். போர்ஹெஸின் கதையை முதன்முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1948இல் அது வெளியானது எந்த இலக்கியச் சிற்றிதழிலும் அல்ல, எல்லெரி குயின் துப்பறியும் பத்திரிகையில்! இலக்கியமா வெகுஜனமா என்று நாம் இன்னும் அடித்துக்கொள்கிறோம்.

பவுச்சர் 1968இல் இறந்தார். 1970இல் சாண்டா மோனிகாவில், அவர் பெயரில் முதல் கூட்டம் நடந்தது. படிப்பது தனியாகச் செய்கிற வேலை. படித்ததைப் பேச ஆள் வேண்டியிருக்கிறது.

மாநாடு முடிந்திருக்க வேண்டிய ஆகஸ்ட் 29 அன்று ஐடா சூறாவளி தாக்கியது. நகரம் முழுக்க இருட்டு. "தப்பிச்சடா" என்றான் நண்பன். உண்மைதான். ஊரை விட்டுப் போக வழியில்லாதவர்கள் அந்த இருட்டிலேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு, ரத்தான அறையைப் பற்றி நான் யாரிடமும் புலம்பவில்லை. அந்தக் காபி வரிசை மட்டும் அவ்வப்போது ஞாபகம் வரும்.