மண்ணீரல் நீர்க்கட்டி: அகற்றுவதிலிருந்து காப்பது வரை

இடது விலாவின் கீழ் கைக்குத் தட்டுப்படும் வீக்கம் என்றாலே, நூறாண்டுகளுக்கு முன் இந்திய மருத்துவர்களின் நினைவு முதலில் மலேரியாவுக்குத்தான் போகும். 1840களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் யமுனைக் கால்வாய்ப் பகுதிச் சிறுவர்களின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோரின் விகிதத்தைக் கொண்டே ஊரின் காய்ச்சல் கடுமையை அளந்தார். வீங்கிய மண்ணீரலுக்குள் நீர்க்கட்டி இருக்கிறதா என்பதைக் கை சொல்லாது. இராணிப்பேட்டையில் 1866இல் தொடங்கிய ஸ்கடர் மருத்துவமனையானாலும், வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகமானாலும், அன்றைய மருத்துவருக்கு இருந்த துணை அந்தக் கை மட்டுமே.

பாரிஸிலும் இதே நிலைதான். 1829இல் அந்த்ரால் என்ற மருத்துவர் இக்கட்டியை விவரித்தது பிணப் பரிசோதனையில். 1867இல் ஜூல் பேயான் என்ற அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சூலகக் கட்டி என்று எண்ணி வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது மண்ணீரல் நீர்க்கட்டி. மண்ணீரலையே எடுத்தார், அப்பெண் பிழைத்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு, கட்டியென்றால் மண்ணீரலை முழுதாக எடுப்பதே வழக்கமாயிற்று. அந்த உறுப்பு இல்லாமலும் வாழலாம் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அதை அசைத்தது 1952இல் வந்த ஒரு சிறு கட்டுரை. மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து பச்சிளங்குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் தொற்று வந்ததைக் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டும் வேலையில் மண்ணீரலின் பங்கு பெரிது என்பது அதன்பின்தான் அறுவை மருத்துவர்களின் மனத்தில் பதிந்தது. என் பார்வையில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுதான். புதிய கருவிகள் வந்தது இதற்குப் பிறகே.

1958இல் மார்ட்டின் என்ற மருத்துவர் மண்ணீரல் நீர்க்கட்டிகளை இரண்டாகப் பிரித்தார். உட்சுவரில் மேலணிச் செல்கள் உள்ளவை உண்மைக் கட்டிகள். அவை இல்லாதவை போலிக் கட்டிகள். போலிக் கட்டி பெரும்பாலும் பழைய அடியின் விளைவு: வண்டியிலிருந்து விழுந்தபோது உள்ளே கட்டிய இரத்தம் கரைந்து நீராகி நிற்பது. 1970களுக்குப் பின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சி.டி.யும் பரவ, வேறு எதற்கோ படம் எடுத்தவரிடம்கூட இக்கட்டி தெரியத் தொடங்கியது.

வேலூர், இராணிப்பேட்டை சூழ்ந்த நம் பகுதியில் இன்னொரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும்: இது நாடாப்புழுவால் வந்த ஹைடாட்டிட் கட்டியா? இக்கட்டி ஆட்டின் உடலிலும் வளரும்; ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கோ ஆட்டுத்தோல் முக்கியமான மூலப்பொருள். தோலில் ஆபத்தில்லை. ஆட்டை அறுக்கும் இடத்தில், கட்டி பிடித்த ஈரலும் நுரையீரலும் நாய்க்கு வீசப்படுவதில்தான் புழுவின் சுழற்சி தொடர்கிறது. நாயின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவும் கீரை வழியாகவும் மனித வயிற்றுக்குள் போகிறது. சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, நன்றாக வேகவைத்துத் தின்பதால் இந்நோய் வராது. ஆட்டின் வேகாத கட்டியாலும் மனிதருக்கு நேரடியாகத் தொற்றாது. இடையில் நாய் வேண்டும். படத்தில் பெரிய கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தெரிந்தாலோ, சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, இரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் ஊசி குத்தக்கூடாது. உள்நீர் வயிற்றில் சிந்தினால் கடும் ஒவ்வாமை உயிரைப் பறிக்கலாம். புதிய கட்டிகளும் முளைக்கலாம்.

ஆகவே ஹைடாட்டிட் என்றால் அல்பெண்டசோல் மருந்து கொடுத்து, அடர் உப்புநீரில் நனைத்த துணிகளைச் சுற்றிலும் பரப்பிய பின்பே அறுவை. சாதாரணக் கட்டி சிறிதாகவும் தொல்லையின்றியும் இருந்தால் கண்காணிப்பு போதும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ வலித்தாலோ லேப்ராஸ்கோப்பி வழியே கட்டியின் கூரையை வெட்டி எடுப்பார்கள், அல்லது கட்டியிருக்கும் பகுதியை மட்டும் நீக்குவார்கள். கூரையைச் சிறிதாக வெட்டினால் கட்டி மீண்டும் வருகிறது. அதனால் பகுதி நீக்கமே மேல் என்று பலர் கருதுகின்றனர். கால்பங்கு மண்ணீரல் மிஞ்சினாலே தற்காப்பு பெருமளவு நிலைக்கும்.

கட்டி இரத்தக்குழாய்கள் நுழையும் இடத்தை ஒட்டியிருந்தால் முழு நீக்கம் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகள் போட வேண்டும். கலவை வட்டாரத்தின் உள்கிராமத்துக்கு வீடு திரும்பும் நோயாளியின் கையில், 'மண்ணீரல் இல்லை. காய்ச்சல் வந்தால் அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும்' என்று தமிழில் எழுதிய அட்டை இருக்க வேண்டும்.