மட்டாஞ்சேரியின் நீல ஓடுகளும் மாட்டிரத்தக் கதையும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தின் தரையில் ஏறத்தாழ 1,100 சீனப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. வெண்பரப்பில் நீல நிறத்தால் கையால் தீட்டப்பட்ட இவை, 18ஆம் நூற்றாண்டில் காண்டனிலிருந்து கடல்வழி வந்தவை. ('பரதேசி' என்பது இங்குப் பிற தேசத்திலிருந்து வந்தோரைக் குறிக்கும் சொல், தமிழ் வழக்கிலுள்ள இரவலர் என்னும் பொருள் இதற்கு இல்லை.)

இவ்வோடுகளைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கொச்சி அரசர் தம் அரண்மனைக்காகவே இவற்றை வரவழைத்தாராம். இவற்றின் செய்முறையில் மாட்டிரத்தம் கலந்துள்ளது என்று யூத வணிகர் ஒருவர் சொல்ல, அரசர் கைவிட்டாராம்; ஓடுகள் தொழுகைக் கூடத்திற்கு வந்து சேர்ந்தனவாம். கேட்கச் சுவையான கதைதான். ஆயினும் வரலாற்று மாணவர் இதனை மூன்று நிலைகளில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, செய்முறை. சீனப் பீங்கான், கயோலின் என்னும் வெண்களிமண்ணும் பீங்கான் கல்லின் பொடியும் சேர்ந்து, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில் சுடப்படுவது. அந்த வெப்பத்தில் எவ்வகைக் குருதியும் எரிந்துபோகும். ஓட்டின் நீலம் கோபால்ட் தாதுவினால் ஆனது. மாட்டெலும்புச் சாம்பல் சேரும் பீங்கான் ஒன்று உண்டு. அது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான வேறு வகை.

இரண்டாவது, அண்டையிலுள்ள அரண்மனை. போர்த்துக்கீசியர் 1555 அளவில் கட்டி, 1663இல் டச்சுக்காரர் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனையின் தரை கருப்புப் பளிங்கு போலத் தோன்றும். சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றால் இழைக்கப்பட்டது என்று அது விவரிக்கப்படுகிறது. உயிர்ப்பொருள் கலந்த தரை அரண்மனையில் இருக்க, மண்ணும் கல்லும் மட்டுமே கொண்ட ஓட்டின் மீது கதை பழி சுமத்துகிறது.

மூன்றாவது, ஓடுகள் ஏன் தரைக்கு வந்தன என்பது. புதிய நீச்சல்குளத்தின் படிகளில் அலங்கார ஓடு பதிப்போர் இன்றும் கேட்கும் கேள்வியே இது: வெறுங்காலும் நீரும் நாள்தோறும் படும் இடத்தில் ஓவியம் நிற்குமா? கொச்சி யூதர் தொழுகைக் கூடத்தினுள் காலணியின்றி நுழைவது மரபு. டச்சு நாட்டு டெல்ஃப்ட் ஓடு மென்மையான சுடுமண்; பெரும்பாலும் சுவருக்கு உரியது. சீன ஓட்டிலோ ஓவியம் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கால் தேய்ப்பது பூச்சை மட்டுமே. இன்றைய தர அளவின்படி, நீர் உறிஞ்சும் திறன் 0.5 விழுக்காட்டிற்கு மேற்படாத ஓடே பீங்கான் ஓடு எனப்படும். குளப்படிக்கு அது ஏற்றதாவதும் இதனால்தான். ஆனால் வழவழப்பான பூச்சு நனைந்தால் வழுக்கும். ஆகவே படிக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டும். மட்டாஞ்சேரி ஓடு உலர்ந்த தரைக்கும் வெறுங்காலுக்கும் பொருந்தியது. நம் ஆத்தங்குடி ஓடு வேறொரு விடை: சூளையே இன்றி, சிமெண்டுடன் கலந்த வண்ணத்தையே தடித்த மேற்படலமாக்கி, நீரில் ஊறவைத்து இறுக்குவது.

இவ்வளவும் அறிந்து தேர்ந்தவர் யார்? ஓடுகள் பதிக்கப்பட்டது 1762 என்பது பொதுவான கருத்து; அதனையும் 1760இல் எழுந்த மணிக்கூண்டையும் எசேக்கியேல் ரஹபியின் (1694–1771) கொடை என்பர். அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொச்சித் தலைமை வணிகராக நெடுங்காலம் விளங்கியவர். மிளகு வாணிகத்திலும் மலபார் அரசர்களுடனான பேச்சுகளிலும் கம்பெனி அவரை நம்பியிருந்தது. பத்தேவியாவையும் சீனத்தையும் இணைத்த அவ்வணிக வலையில் நின்றவருக்குக் காண்டன் ஓட்டை வரவழைக்க வஞ்சகம் எதுவும் தேவையில்லை. பணமும் கப்பலில் இடமும் போதும்.

கதையின் தீங்கு இங்கேதான் இருக்கிறது. தேர்ந்து வாங்கிய பொருளை அது ஏமாற்றிப் பெற்ற பொருளாக மாற்றுகிறது. ஒரு சமூகத்தின் அறிவையும் உழைப்பையும் அழித்து, அவ்விடத்தில் 'தந்திரக்கார யூத வணிகர்' என்னும் பழைய வார்ப்பை வைக்கிறது. அரசரையும் எளிதில் ஏமாறுபவராகக் காட்டுகிறது. உண்மையில், அரண்மனையை ஒட்டியே யூதத் தெருவுக்கு இடமளித்த மரபு அவருடையது. 1662இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்ற கூடம் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் எழுந்ததும் அம்மண்ணில்தான்.

இன்று மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர் விரல்விட்டு எண்ணும் அளவிலும் இல்லை. மறுத்துரைக்க ஆளில்லாத இடத்தில் கதைகள் எளிதில் வரலாறாகிவிடும். கொச்சி டச்சு ஆவணங்களின் பெருந்தொகுதி சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டச்சு மொழி கற்க முன்வரும் தமிழ் மாணவருக்கு, ரஹபியின் காலத்துக் கொச்சி ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் உள்ளது.