அம்மி அரைத்தவர்களின் கணக்கு

நம் விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் ஒரு பேச்சு உண்டு: “நம் முன்னோர் யாரிடமும் கையேந்தியதில்லை.” கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டு நிறைவில் அந்தப் பேச்சைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது.

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம்களில் பலர் தறி நெய்தவர்கள். நெசவு நொடித்தபோது கப்பலேறி, சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த காலத்தில், இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். ஆண்களுக்குத் துறைமுகம் இருந்தது. பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். மிளகாய்க் காந்தல் பிடித்த கையோடு பிள்ளைக்குச் சோறூட்ட முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஊட்டுவார். அதுவும் ஓர் உதவிதானே!

உழைத்தார்கள், ஒருவருக்கொருவர் தாங்கியும் கொண்டார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946இல் அது தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பள்ளிக்கூடம் காணாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தது.

மத்திய சேம நிதி 1955இல் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டும் சேமிப்பு அது. அம்மி அரைத்தவருக்கு முதலாளி ஏது? அவர் அரைத்த மசாலாவில் எத்தனையோ வீடுகளில் குழம்பு கொதித்தது. அவர் பெயரில் ஒரு காசும் சேரவில்லை. பிறகு அரைவை இயந்திரமும் பொட்டலத் தூளும் வந்தன. அம்மி ஓய்ந்தது.

அப்படிப்பட்ட ஒருவர் முதுமையில் ஸக்காத் உதவியோ, 2005 முதல் உள்ள காம்கேர் உதவியோ கேட்கும்போது, “நம் குடும்பத்துக்கு இது தேவையா?” என்று முகம் சுளிக்கிறோம். உதவி கேட்டு வந்தவரின் பொருள்களை விற்று, நபிகள் நாயகம் (ஸல்) அவரைக் கோடரி வாங்கச் செய்த நிகழ்ச்சியையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். கடும் வறுமையில் வாடுபவரும் பெருங்கடனில் சிக்கியவரும் கேட்கலாம் என்று அதே செய்தியின் முடிவில் வருவதை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

வலுவுள்ள இளைஞர் உதவித்தொகையை நம்பி உட்கார்ந்திருப்பதை நாம் ஆதரிக்கவில்லை. கோடரி அவருக்குத்தான். 2007இல் வந்த வேலைநலன் திட்டமும், குறைந்த சம்பளத்தில் உழைப்பவருக்கே கூடுதலாகக் கொடுக்கிறது. ஆனால் உழைத்து ஓய்ந்தவரை அந்த இளைஞரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

உதவிப் படிவம் நிரப்ப நம் சங்க அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள், ‘முன்பு செய்த வேலை’ என்ற கேள்விக்குப் பாட்டியைக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவரிடம் கேளுங்கள். ‘மசாலா அரைத்து விற்றார், முப்பது வருடம்’ என்று எழுத அங்கே இடம் இருக்கிறது.