பெட்டிக்குள் ஒரு பூகம்பம்

சர்க்கஸில் வலை கட்டுவது, மேலிருந்து விழும் ஆளைப் பிடிக்க. 1974-ல் ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் கட்டிய வலை எதற்குத் தெரியுமா? கூரையிலிருந்து பெயர்ந்து விழும் காரையைப் பிடிக்க!

படம் 'எர்த்க்வேக்'. திரையில் பூகம்பம் வரும்போது நாற்காலியும் அதிர வேண்டும் என்று ஆசைப்பட்ட யுனிவர்சல் நிறுவனம், 'சென்சரவுண்ட்' என்று ஒரு ஏற்பாடு செய்தது. ராட்சத ஸ்பீக்கர்களிலிருந்து கிளம்பிய உறுமல் காதில் கேட்டதைவிட நெஞ்சில் இடித்ததுதான் அதிகம். சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பக்கத்து ஹாலில் 'காட்ஃபாதர் - 2' பார்க்க வந்தவர்கள்தான் பாவம். மார்லன் பிராண்டோ இல்லாத குறை போதாதென்று, சுவர் வழியாகப் பூகம்பம் வேறு!

தியேட்டர் சரி, வீட்டுக்குள் இந்த உறுமல் எப்படி வந்தது? அதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது, பின்பக்கம் இழுக்கிறது. அடர்த்தியான தாழ்ந்த ஒலியில் இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் பெட்டி. ஆனால், சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று கோனை அசைய விடாது. ஆக, நல்ல 'பாஸ்' வேண்டுமென்றால் பீரோ சைஸில் பெட்டி வேண்டும் என்பதுதான் அன்றைய வேதம்.

எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் இதைத் தலைகீழாக யோசித்தார். கோனைத் தாங்கும் விளிம்பை விறைப்பாக வைப்பானேன்? அதைத் தளர்த்திவிட்டு, அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் ஆக்கினால்? பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்தின. தன்னிடம் படித்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954-ல் சொந்தமாகவே கம்பெனி தொடங்கினார். ஷெல்ஃபில் வைக்கிற பெட்டியிலிருந்து பீரோவின் குரல் வந்தது!

இலவசமாக அல்ல. அவர்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஹாஃப்மன் அதை ஒரு விதியாகவே சொல்லிவிட்டார்: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தி - மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும். இன்றைய சப்வூஃபர் மூன்றாவதைத் தியாகம் செய்த பெட்டி. அதனால்தான் அதன் முதுகிலேயே ஒரு ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கிறது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு வந்த டால்பி டிஜிட்டலில் பாஸுக்குத் தனி சேனலே ஒதுக்கினார்கள். 5.1-ல் அந்த '.1' அதுதான்.

வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். நம் ஹாலே அவ்வளவு இருக்காது! அலை சுவரில் மோதித் திரும்பி, சோபாவில் இடி முழக்கமும் பக்கத்து நாற்காலியில் மயான அமைதியும் உண்டாக்கும். ஒரு வேடிக்கையான வழி உண்டு. பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள். பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாக மண்டியிட்டுத் தவழுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம்.

அப்புறம் முதுகுக் குமிழ்கள். 'கிராஸ்ஓவர்' சுமார் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஏற்றிவிட்டால் ஹீரோ மூலையிலிருந்து வசனம் பேசுவார். ரிசீவரே ஒலியைப் பிரித்து அனுப்பினால், இந்தக் குமிழை உச்சத்தில் வைத்து மறந்துவிடலாம். 'ஃபேஸ்' 0, 180 இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எதில் பாஸ் நிறைந்து கேட்கிறதோ, அதுவே சரி. வால்யூம் கடைசியில்.

எவ்வளவு? அதற்கும் வில்சரிடமே பதில் இருக்கிறது. அவர் கம்பெனி மேடையில் ஒரு வயலின் குழுவை வாசிக்கவைத்து, நடுவில் நைஸாக ஸ்பீக்கருக்கு மாறும். எது நிஜம், எது பதிவு என்று தெரியாமல் பலர் விழித்தார்கள். சென்சரவுண்ட் 'என்னைக் கவனி' என்று கூரையை உலுக்கியது. வில்சரின் பெட்டி, தான் இருப்பதே தெரியாமல் பாடியது.

உங்கள் சப்வூஃபரும் அப்படித்தான் இருக்க வேண்டும். அணைத்தால் மட்டுமே 'என்னவோ குறையுதே' என்று தோன்றினால், அளவு சரி. பக்கத்து வீட்டுக்காரர் வலை வாங்கக் கிளம்பினால், கொஞ்சம் குறைத்துவிடுங்கள்!